ஜெர்மானியர் என்ற இடத்தில் தமிழர் என்று போட்டேன்

மாண்ட்ரியல் தமிழர்களின் கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த எட்டு நிமிடக் காணொளியில், கருநீலச் சேலை கட்டிக்கொண்டு கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறவள் நான்தான். அதில் வரும் கருத்துகளில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. யாருடையவை என்று சொல்ல எனக்கு இன்னும் இரண்டு நிமிடம் வேண்டியிருந்தது. அந்த இரண்டு நிமிடத்தைக் கைதட்டல் தின்றுவிட்டது. யாரோ என் வாயைப் பொத்தினார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்தான். ஆனால் கைதட்டலுக்காக நின்று நின்று பேசியது நான். அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

நான் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. நூறு வருஷத்துக்கு முன்னால், அதற்கும் சற்று முன்னால், ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு ‘நமக்கும் கடல் கடந்த நிலம் வேண்டும்’ என்று எழுதிக் குவித்தவர்களைப் படிப்பது என் வேலை. பாதிரியார்கள், பேராசிரியர்கள், ஓய்வு பெற்ற தளபதிகள், கப்பல் முதலாளிகள் என்று ஒரு பெரிய கூட்டம். நான் இதைப் படிக்கிறேன் என்று சொன்னால் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “ஜெர்மனிக்கு ஏதும்மா காலனி?” இருந்தது. ஆப்பிரிக்காவில் நாலு பெரிய துண்டு, பசிபிக்கில் சில தீவுகள். முதல் உலகப்போரில் எல்லாம் கைவிட்டுப் போனதால் உலகம் மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

பிரிட்டிஷ்காரனை விட்டுவிட்டு எதற்கு இவர்கள் என்றால், இவர்கள் வெட்கமில்லாமல் காரணம் சொன்னவர்கள். பிரிட்டிஷ்காரன் முதலில் பிடித்துக்கொண்டு பிறகு நிதானமாகக் காரணம் தேடினான். ஜெர்மானியர்கள் தாமதமாக வந்தார்கள். கல்யாணப் பந்தியில் கடைசியாக வந்து, எனக்கு ஏன் இலை போடவில்லை என்று சண்டைக்கு நிற்கிற பெரிய மனிதர்களைப் பார்த்திருப்பீர்களே, அந்த ரகம். சண்டை போடுகிறவன் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவான். எனக்குக் கொட்டிக் கிடப்பதைப் படிக்கத்தான் பிடிக்கும்.

மாண்ட்ரியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு அடுக்குமாடி வீட்டில் அக்காவோடு இருக்கிறேன். சொந்த அக்கா இல்லை. யாழ்ப்பாணத்தின் வடக்குக் கரையில் பிறந்து, அகதியாக இங்கே வந்து, பக்கத்து மருத்துவமனையில் இருபது வருஷத்துக்கு மேலாகத் துப்புரவு வேலை செய்கிறவர். பிள்ளைகள் டொரொண்டோவுக்குப் போன பிறகு காலியான அறையை எனக்குக் கொடுத்தார். சாயந்திரம் வேலை முடிந்து வந்து வெங்காயம் உரித்துக்கொண்டே என் ஜெர்மானியர்களைப் பற்றி விசாரிப்பார். “இண்டைக்கு உம்மட பாதிரி என்ன சொல்றார்?” என்று கேட்பார். நான் திட்டத் திட்ட அவருக்குச் சிரிப்பு வரும். என் மேற்பார்வையாளருக்குத் தெரியாத பல விஷயம் என் ஆய்வைப் பற்றி அக்காவுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். ஜான்-டலோன் சந்தைக்குக் கொஞ்சம் தள்ளிப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். எல்லாருக்கும் அவர் அண்ணை. நான் வந்த முதல் வருஷம் சென்னையில் வாங்கிய ஒரு ஜாக்கெட்டோடு டிசம்பரில் அவர் கடைக்குள் போய் நின்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய், தன் மகளின் குளிர்க்கோட்டைக் கொண்டுவந்து கையில் திணித்தார். அந்தக் கோட்டைத்தான் இன்றும் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் வில்லன் இல்லை என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் எனக்குக் கோபம் வரும்போது மறந்துபோகலாம்.

சங்கத்தில் வருஷா வருஷம் இலையுதிர் காலத்தில் பட்டிமன்றம் நடக்கும். நடுவர் எப்போதும் அண்ணைதான். போன வருஷத் தலைப்பு: ‘பேரரசு ஓர் இனத்துக்குப் பெருமையே, பழியே’. கல்லூரி நாளிலிருந்து எனக்குப் பட்டிமன்றக் கிறுக்கு உண்டு. தலைப்பைப் பார்த்ததும் ‘பழியே’ அணியில் போடச் சொல்லிக் கேட்டேன். அண்ணை சிரித்தார்.

“பிள்ளை, சரித்திரம் படிச்ச ஆள் நீர். நீரும் அந்தப் பக்கம் போனால் இஞ்சால ஆர் கதைக்கிறது? பெருமையே அணிக்குத்தான் ஆள் இல்லை.”

“எனக்கு அதுல நம்பிக்கை இல்லையே அண்ணை.”

“பட்டிமன்றத்துக்கு நம்பிக்கை என்னத்துக்கு? வாய் இருந்தால் காணும்.”

வீம்பு எனக்கு அங்கேதான் ஏறியது. வாய்தானே வேண்டும், தருகிறேன் என்று நினைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். ஒரு ஜெர்மன் துண்டுப் பிரசுரத்தின் வாதங்களை வரிசை மாறாமல் எடுத்தேன். ஜெர்மானியர் என்ற இடத்தில் தமிழர் என்று போட்டேன். ரைன் என்ற இடத்தில் காவிரி. அவர்களுடைய பழைய பேரரசரின் இடத்தில் கடாரம் வரை கப்பல் விட்ட சோழர்கள். மேடைக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் எதுகை மோனை சேர்த்தேன். ஆறு நிமிடம் இப்படிப் பேசி எல்லாரையும் உச்சி குளிர வைப்பது, கடைசி இரண்டு நிமிடத்தில் ‘இதுவரை பேசியது நானல்ல, ஜெர்மானிய ஏகாதிபத்தியவாதிகள்’ என்று போட்டு உடைப்பது. திட்டம் இதுதான். மண்டபமே வாயடைத்துப் போவதை மனதுக்குள் பல தடவை பார்த்து ரசித்துவிட்டேன். அவ்வளவு மண்டைக்கனம்.

நகரின் லாசால் பகுதியில் ஒரு தேவாலயத்தின் அடித்தளம்தான் எங்கள் மண்டபம். தீ விதிமுறை காரணமாகக் குத்துவிளக்கில் பேட்டரி பல்புதான் எரியும். முக்கிய விருந்தினர் ஐந்து முகத்துக்கும் ஐந்து தடவை பொத்தானை அமுக்குவார், நாங்களும் பயபக்தியோடு எழுந்து நிற்போம். தமிழ் வாழ்த்து, கனடா கீதம், இறந்தவர்களுக்கு ஒரு நிமிட மௌனம். பிறகு வடை. பிறகுதான் பட்டிமன்றம்.

என் முறை வந்தது.

“நம் பிள்ளைகள் கடல் கடந்தார்கள். உழைத்தார்கள். ஊரான் நகரங்களைக் கட்டிக் கொடுத்தார்கள். மூன்றாம் தலைமுறையில் மிஞ்சியது என்ன? பாட்டன் பேசிய மொழி பேரனின் வாயில் இல்லை!”

இது அப்படியே அந்தப் பிரசுரத்தின் கவலை. அந்தக் காலத்தில் ஜெர்மனியிலிருந்து கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்குப் போனார்கள். போனவர்களின் பேரப்பிள்ளைகள் ஆங்கிலம் பேசினார்கள். நம் ரத்தம் போய் அந்நியனின் வயலுக்கு எருவாகிறதே என்று இவர்களுக்கு வயிற்றெரிச்சல். காலனி வேண்டும் என்று அவர்கள் சொன்ன காரணங்களில் இது முக்கியமானது. அதை நான் ஒரு கட்டுரையில் எழுதினால் அடிக்குறிப்பாகப் போயிருக்கும். ஆனால் என் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள், வீட்டில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பிரெஞ்சில் சிரித்துக்கொள்வதைச் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் தாய் தகப்பன்கள். கைதட்டல் எழுந்த வேகத்தில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

நான் நின்றேன். மேடைப் பழக்கம் அது. கைதட்டல் அடங்கும்வரை நிற்க வேண்டும், அடங்குவதற்கு ஒரு நொடி முன்னால் அடுத்த வரியை வீச வேண்டும்.

“தமிழனுக்கென்று கடலுக்கு அப்பால் ஒரு நிலம் இருந்திருந்தால், போன இடத்திலும் அவன் தமிழனாகவே வாழ்ந்திருப்பானே! நமக்கென்று ஒரு நிலம் வேண்டாமா?”

பின்வரிசை எழுந்து நின்றுவிட்டது. நான் மறுபடியும் நின்றேன். உலகத்தைப் பங்கு போட்ட மேசையில் நமக்கு நாற்காலி இருந்ததா என்று கேட்டேன். கப்பல் இல்லாத இனத்தின் குரல் எந்தச் சபையிலும் எடுபடாது என்றேன். வளராத இனம் தேயும் என்றேன். உழத் தெரியாதவன் கையில் சும்மா கிடக்கும் நிலம், உழத் தெரிந்தவனுக்காகக் காத்திருக்கிறது என்றேன். இதற்குமா தட்டுவார்கள் என்று ஒரு கணம் தயங்கினேன். தட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர் விசிலடித்தார்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது. மூன்று வருஷமாகக் கருத்தரங்குகளில் எட்டுப் பேர் முன்னால் காகிதத்தைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தவளுக்கு, இருநூறு பேர் ஒரே குரலில் ஆம் என்று சொல்வது எப்படி இருக்கும்? முதுகெல்லாம் சூடாக இருந்தது. இவை யாருடைய வார்த்தைகள் என்பது சில நொடிகளுக்கு எனக்கே மறந்துபோயிருந்தது. அந்தப் பிரசுரக்காரர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

மணி அடித்தது. எட்டு நிமிடம் முடிந்துவிட்டது.

“நடுவர் அவர்களே, இன்னும் இரண்டே நிமிடம். முக்கியமான விஷயம்.”

“அம்மா தாயே, இதுக்கு மேல முக்கியம் ஒண்டும் இருக்கேலாது!” என்று அண்ணை ஒலிவாங்கியில் சொன்னார். மண்டபம் சிரித்தது. என் கையைப் பிடித்துக் குலுக்கி அனுப்பிவைத்தார். தீர்ப்பும் எங்கள் பக்கம்தான்: பேரரசு பெருமையே.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் அக்கா என் கையை விடவே இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது. “என்ர மனசுக்குள்ள கிடந்ததை எடுத்துச் சொல்லிப்போட்டாய் பிள்ளை. நமக்கெண்டு ஒரு நிலம் வேண்டாமோ எண்டு கேட்டாய் பார், எழும்பி நிண்டு தட்டினனான். கை இப்பவும் சிவந்திருக்கு, பார்.”

உள்ளங்கையைக் காட்டினார். நான் சிரித்துத் தொலைத்தேன்.

“அக்கா, அதெல்லாம் நான் சொன்னதே இல்ல. அந்த ஜெர்மன்காரனுங்க எழுதினது. பேரை மட்டும் மாத்தினேன். கடைசில சொல்லலாம்னு இருந்தேன், மணி அடிச்சுட்டாரு. எல்லாரும் எப்படி ஏமாந்தாங்க பாத்தீங்களா?”

அக்கா கையை எடுத்துக்கொண்டார். இரண்டு நிறுத்தம் கடந்தது. பிறகு ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

“எல்லாரும் எண்டால், நானுமோ?”

அக்கா என் பக்கம் திரும்பினார்.

“ஆப்பிரிக்காச் சனத்தின்ர காணியைப் பிடிக்கக் கேட்டவன் சொன்னதுக்கு நீங்கள் என்னைக் கைதட்ட வைச்சிருக்கிறியள்.”

அதுவரை என்னை நீ என்றும் நீர் என்றும்தான் அழைத்தவர். அன்று நீங்கள் ஆனேன். முகத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ஊரில் அக்காவின் வீடு இன்றும் இலங்கை ராணுவத்தின் ஒரு முகாமுக்குள் இருக்கிறது. வீடு என்றால் இப்போது சுவர் இருக்கிறதா என்பதுகூட அவருக்குத் தெரியாது. நாலு பரப்பு, அதாவது கால் ஏக்கர் தோட்டக்காணி, செம்மண், ஒரு கிணறு. ஊரில் கொஞ்சம் கொஞ்சமாகக் காணிகளை விடுவிக்கிறார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் கைபேசியில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார். அவர் காணி ஒவ்வொரு தடவையும் முகாம் வேலிக்கு உள்ளேயே கிடக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ‘நமக்கென்று ஒரு நிலம்’ என்ற வரியை எழுதும்போது அது எனக்கு ஒரு சாமர்த்தியமாக மட்டும்தான் தெரிந்தது.

மறுநாள் சமையலறையில் மன்னிப்புக் கேட்டேன். அக்கா ஏற்கவில்லை.

“நான் என்ர காணியைக் கேக்கிறன். அவன் அடுத்தவன்ர காணியைக் கேட்டவன். ரெண்டும் ஒண்டோ?”

“இல்லக்கா.”

“அப்ப ஏன் ரெண்டையும் ஒண்டாக் குழைச்சுத் தந்தனீங்கள்? எனக்கு வீட்டில தனியா வந்து மன்னிப்புக் கேக்கத் தேவையில்லை. என்ர கைதட்டலை நீங்கள் பொய் சொல்லி வாங்கினனீங்கள். அந்த மேடையிலயே, அந்தச் சனத்துக்கு முன்னாலேயே திருப்பித் தாங்கோ.”

சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு சாயந்திரங்களில் என் பாதிரியைப் பற்றி விசாரிக்கவே இல்லை.

அதற்கிடையில் காணொளி பறந்துகொண்டிருந்தது. லண்டனிலிருந்து யாரோ வாழ்த்துச் சொன்னார்கள். என் அப்பாவுக்கு விருதுநகரில் யாரோ அனுப்பி, அவர் அதை எனக்கே திருப்பி அனுப்பினார், மூன்று கைகூப்பும் பொம்மைகளோடு. பிறகு அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டார். பேச்சு சித்திரையில் வரப்போகும் சங்கத்தின் ஆண்டு மலரில் வருகிறது, தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பேச்சுப் போட்டிக்கு அதிலிருந்து ஒரு பகுதியைக் கொடுக்கப் போகிறோம், பொங்கல் விழாவில் உமக்குப் பொன்னாடை என்றார்.

எழுதிவைத்திருந்த மிச்சப் பகுதியை அனுப்பினேன். பதில் இல்லை. கடைக்கே போனேன். முருங்கைக்காய்ப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

“வாசிச்சனான் பிள்ளை. நல்ல பேச்சு ஒண்டை நீரே ஏன் கெடுக்கிறீர்?”

“அது என் பேச்சே இல்ல அண்ணை. அதைத்தான் சொல்றேன்.”

“பேசினது நீர்தானே?”

“அப்ப முழுசா போடுங்க, இல்லன்னா போடாதீங்க. புள்ளைங்க மனப்பாடம் பண்ணப் போறது என்னன்னு தெரியுமா உங்களுக்கு? சும்மா கிடக்கிற நிலம்னு சொல்லி ஒரு நாட்டையே அழிச்சவங்க பேசினது.”

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

“இஞ்ச பாரும். எங்கட சனம் அடி வாங்கி வந்த சனம். வருசத்தில ஒருநாள் தலை நிமிர்ந்து ஒரு சந்தோசம். இவையள் போய் ஆரின்ர நாட்டைப் பிடிக்கப் போயினம்? கப்பல் கிடக்கட்டும், ஒழுங்கான கார் தரிப்பிடமே எங்களுக்கில்லை.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டால் தோற்றுப்போவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“அவங்களும் முதல்ல சந்தோஷத்துக்குத்தான் படிச்சாங்க அண்ணை. வாத்தியாரு, கடைக்காரரு, குமாஸ்தா. சங்கம் வச்சு, கூட்டம் போட்டு, நம்மள மாதிரியேதான். கப்பல் அப்புறமாத்தான் வந்துச்சு.”

“மேடையில பேசினது சங்கத்துக்குச் சொந்தம்” என்று முடித்துவிட்டார். நான் புறப்படும்போது ஒரு பையில் முருங்கைக்காயைப் போட்டு நீட்டினார். வாங்கவில்லை. மூன்று வருஷத்தில் அவர் கையிலிருந்து ஒன்றை வாங்காமல் வெளியே வந்தது அன்றுதான். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம், ஆனால் வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. எதிர்ப்புக்கும் ஒரு வெப்பநிலை வேண்டியிருக்கிறது.

பொங்கல் விழாவுக்கு முந்தின வாரம் பழைய இரண்டு நிமிடத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். கூசியது. அது முழுக்க என் கெட்டிக்காரத்தனத்தின் அறிவிப்பு. பார்த்தீர்களா, ஏமாந்தீர்களா, நான் எவ்வளவு படித்தவள் பார்த்தீர்களா. அதைச் சொல்லியிருந்தால் அக்கா பேருந்தில் இல்லாமல் மண்டபத்திலேயே என்னை வெறுத்திருப்பார். கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். இந்தத் தடவை எதுகை மோனை வைக்கவில்லை.

அதே அடித்தளம், அதே பேட்டரி விளக்கு. அண்ணை பொன்னாடையைப் போர்த்தினார். நன்றி சொல்வதற்காக ஒலிவாங்கியைக் கேட்டேன். கொடுத்தார்.

“போன தடவை இந்த மேடையில நான் பேசினது என் கருத்து இல்ல. தமிழர் கருத்தும் இல்ல. ஜெர்மனியில காலனி வேணும்னு எழுதினவங்க சொன்னதை எடுத்து, ஜெர்மானியர்ங்கிற இடத்துல தமிழர்னு போட்டுப் பேசினேன். அதை மறைச்சது என் தப்பு. உங்களை ஏமாத்திக் கைதட்டல் வாங்கினேன். அதுக்கு மன்னிப்புக் கேக்கிறேன்.”

மண்டபம் புரியாமல் பார்த்தது. அண்ணை என் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஆனா அந்தப் பேச்சு எங்க போய் முடிஞ்சதுன்னு கேட்டுட்டுப் போங்க. சும்மா கிடக்கிற நிலம்னு அவங்க சொன்ன தென்மேற்கு ஆப்பிரிக்காவுல, ஹெரேரோ மக்கள் மாடு மேய்ச்சு வாழ்ந்துட்டு இருந்தாங்க. நிலமும் மாடும் கைவிட்டுப் போக ஆரம்பிச்சதும் எதிர்த்து நின்னாங்க. அவங்களைப் பாலைவனத்துக்குள்ள துரத்தி, தண்ணீர் இருந்த இடங்கள்ல காவல் போட்டாங்க. குழந்தைங்களோட தாகத்துல செத்தாங்க. தப்பினவங்களை முகாம்ல அடைச்சாங்க. அதுக்கு முன்னாடி ஜெர்மனியில கூட்டம் போட்டுக் கைதட்டினவங்க யாரும் இதைக் கேட்டுக் கைதட்டல. நம்ம மொழி அழியுதே, நமக்கு மரியாதை இல்லையேன்னுதான் தட்டினாங்க.”

“காணும் பிள்ளை” என்று அண்ணை மெதுவாகச் சொன்னார்.

“இன்னும் இருக்கு. கடாரத்தை வென்றோம்னு சொல்றோம். கடாரத்துல அன்னைக்கு உலை வச்சிட்டு இருந்தவகிட்ட, அது பெருமையான்னு ஒருநாளும் கேட்டதில்ல. நாம நிக்கிற இந்த மண்ணும் சும்மா கிடந்த மண்ணுன்னு எழுதிக்கிட்டுத்தான் எடுத்தாங்க. என் பல்கலைக்கழகத்துல ஒவ்வொரு கூட்டத்துக்கு முன்னாடியும் இது பூர்வகுடிகளோட நிலம்னு ஒரு வாக்கியம் வாசிப்பாங்க, வாசிச்சிட்டு காபி குடிப்பாங்க. நாம அதுகூட வாசிக்கிறது இல்ல.”

ஒலிவாங்கி செத்துவிட்டது. யார் அணைத்தார்கள் என்று பார்க்கவில்லை. பின்னாலிருந்து “இந்தியாக்காரிக்கு எங்கட வலி என்னெண்டு தெரியும்?” என்று ஒரு குரல் வந்தது. “இறங்கும், இறங்கும்” என்றார்கள். இந்த ஊரில் எனக்கென்று இருந்தது இந்த மண்டபம் மட்டும்தான், அதுவும் என் கண் முன்னால் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் இறங்கவில்லை. தொண்டையைத் திறந்து கத்தினேன்.

“தன்னோட நிலத்தைத் திருப்பிக் கேக்கிறது வேற! பெருமைக்காக இன்னொருத்தர் நிலத்தைக் கேக்கிறது வேற! அவங்க வேணும்னே ரெண்டையும் கலந்தாங்க. நான் கெட்டிக்காரத்தனத்துக்காகக் கலந்தேன். அந்தப் பேச்சை மலர்ல போடாதீங்க!”

சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. அப்போது நடுவரிசையில் அக்கா எழுந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்து வந்து மேடைக்குக் கீழே நின்றார். மேடையில் ஏறவில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இருபது வருஷம் ஆட்களைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அவருக்கு.

“அண்ணை, மைக் வேண்டாம். எனக்கு ரெண்டு வசனம்தான்.”

மண்டபம் அடங்கியது. அவரை எல்லாருக்கும் தெரியும். அவர் காணி எங்கே இருக்கிறது என்பதும் தெரியும்.

முதலில் என் பக்கம் திரும்பினார்.

“இந்தப் பிள்ளை செய்தது பிழை. எங்கட வலியை எடுத்து விளையாடினது. படிச்ச ஆக்களுக்கு அந்தத் திமிர் வரும். அதுக்கு நான் இன்னும் மன்னிக்கேல்லை.”

சிலர் ஆமோதித்தார்கள். நான் தலையாட்டினேன்.

பிறகு அண்ணையைப் பார்த்தார்.

“ஆனா இப்ப சொன்னது உண்மை. எங்கட காணிக்கு வேலி போட்டவனும், ஆக்கள் இல்லாமல் சும்மா கிடக்கிற நிலம் எண்டுதான் எழுதி வைச்சிருக்கிறான். என்ர கிணத்தில இண்டைக்கு ஆரோ குளிக்கிறான். பாலைவனத்தில தண்ணிக்குக் காவல் போட்டவங்கள் எண்டு கேட்ட உடன எனக்கு அந்தக் கிணறுதான் கண்ணுக்குள்ள வந்தது. அண்டைக்கு நான் என்ர நாலு பரப்பை நினைச்சுத்தான் எழும்பிக் கைதட்டினனான். வேற ஒருத்தியின்ர கிணத்துக்கு நான் தட்டேல்லை.”

அண்ணை ஏதோ சமாதானமாகச் சொல்ல வாயெடுத்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

“அந்தப் பேச்சு மலரில வாறதெண்டால், அதுக்குக் கீழ இண்டைக்கு இஞ்ச நாங்கள் சொன்னதையும் போடுங்கோ. பயமெண்டால் சங்கத்தின்ர பேரை எடுத்துப்போட்டு, என்ர பேரிலயே போடுங்கோ.”